நாங்கள் பார்த்த எரிமலை

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் லவாலில் ஒரு வீட்டில் இன்றைக்கும் சண்டை வரும். அவருடைய கணவர் நல்ல மனிதர். தன் மனைவியும் நானும் சோடியாகப் போய் எரிமலை பார்த்துவிட்டு வந்தோம் என்று இந்த நிமிடம் வரைக்கும் நம்புகிறவர். அந்த நம்பிக்கையைக் கட்டிக் காத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். கூடப்பிறந்த அக்கா இல்லை. மொன்ட்ரியால்-நோரில் ஒரு சலவை ஆலையில் ஏழு வருடம் படுக்கை விரிப்பின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். அவ்வளவுதான் உறவு. அது போதும் என்று நான்தான் விசர்த்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தனி ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். நாலு மூலையையும் பிடித்து ஒரு உதறு. பிறகு கிட்ட வந்து, என் மூலைகளை அவர் கையில் கொடுத்து, கீழே தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுத்து, திரும்பப் பின்னால் போக வேண்டும். நாள் முழுக்க இப்படிக் கிட்ட வருவதும் விலகுவதும்தான். மெஷின் சத்தத்தில் கதைக்க முடியாது. கிட்ட வரும்போது ஒரு வசனம், அடுத்த தடவை கிட்ட வரும்போது அதற்குப் பதில். ஏழு வருடக் கதையும் இப்படித்தான் துண்டுதுண்டாக நடந்தது.

அந்தத் துண்டுகள் எல்லாவற்றிலும் இருந்த ஒரு சொல் 'நாங்கள்'. அக்கா வாயில் 'நான்' வந்து நான் கேட்டதே இல்லை. "எங்களுக்குத் தலையிடிக்குது." "நாங்கள் ராத்திரி கண் மூடேல்லை." "நாங்கள் இண்டைக்குச் சோறு கொண்டரேல்லை, பாண்தான்." ஆருக்கு அக்கா தலையிடி, உங்களுக்கோ எனக்கோ என்று முதல் மாதம் பகிடியாகக் கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தி, இதென்ன கேள்வி என்பது மாதிரிப் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. எனக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று என்பதுதான் உண்மை.

பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் இந்த ஊருக்குத் தனியாக வந்து தனியாக இருந்தவள். இங்கே வீட்டை அறைக்கணக்கில் சொல்வார்கள், குளியலறைக்கு அரை. பார்க்-எக்ஸ்டென்ஷனில் நான் இருந்தது ஒன்றரை. கட்டிலில் இருந்து கையை நீட்டினால் அடுப்பு. அக்கா இரண்டு தெரு தள்ளி ஐந்தரையில் இருந்தார். கணவர், இரண்டு பொடியன்கள், கணவரின் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. "குளிக்கப் போய்க் கதவைப் பூட்டினால் ரெண்டு நிமிசத்திலை ஆரும் தட்டுவினம். எங்களுக்கெண்டு அந்த வீட்டிலை ஒரு மூலை இல்லை" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். கொடுத்து வைத்தவர் என்று நான் மனதுக்குள் நினைப்பேன்.

அந்தச் சொல்லால் எனக்கு வந்த சோலிகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒருநாள் பனி கொட்டி அக்காவின் பஸ் பிந்திவிட்டது. மேற்பார்வைக்காரி கியூபெக்காரப் பெண், நேரத்தில் கண்டிப்பானவள். அக்கா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் காரணம் சொன்னார். அதிலும் 'நூ'தான். 'நூ' என்றால் பிரெஞ்சில் நாங்கள். நாங்கள் பிந்திவிட்டோம், எங்களை மன்னியுங்கள். "கி ஸா, நூ?" என்று அவள் கேட்டாள். யார் அது, நாங்கள்? அக்கா திரும்பி, ஏழு மணிக்கே வந்து வேலை தொடங்கியிருந்த என்னைப் பார்த்தார். எனக்கும் சேர்த்துப் பேச்சு விழுந்தது. கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. உள்ளுக்குள் ஒரு புளுகம், ஒரு சந்தோசம்தான்.

இன்னொருநாள் யாரோ தெரிந்தவரின் பிள்ளைக்குப் பிறந்தநாள், மண்டபத்தில் விருந்து. ஆட்டிறைச்சிக் கறி வாசலிலேயே மணந்தது. பரிமாறுகிறவர் கரண்டியோடு வந்ததும் அக்கா கையை நீட்டி மறித்தார். "நாங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுறேல்லை, தம்பி." அவர் என்னையும் தாண்டிப் போய்விட்டார். நான் வெள்ளி, சனி பார்க்கிறவள் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்காமல் பருப்பும் கத்தரிக்காயும் தின்றுவிட்டு வந்தேன்.

ஆலையில் எங்களோடு சென்னைக்காரி ஒருத்தியும் கொஞ்சக்காலம் வேலை செய்தாள். கணவனுக்கு ஐ.டி. வேலை, இவளுக்கு வீட்டில் பொழுது போகவில்லை. தேத்தண்ணி நேரத்தில் ஒருநாள் என்னிடம் மெல்லக் கேட்டாள். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. அவங்க 'நாங்க, நாங்க'ன்னு சொல்றாங்களே, அதுல நீங்க இருக்கீங்களா, இல்லையா? எங்க ஊர்ல கேக்கிற ஆளையும் சேத்தா 'நாம'ன்னு சொல்லுவோம். 'நாங்க'ன்னா நீங்க வெளியில."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "எங்கட தமிழிலை அப்பிடியெல்லாம் ரெண்டு வைச்சிருக்கிறேல்லை. நாங்கள் எண்டால் நாங்கள்தான். சேர்ந்த ஆக்களுக்குத் தெரியும்" என்று சொன்னேன். அவள் "சரிக்கா" என்று தேத்தண்ணியைக் குடித்தாள். கண்டறியாத இலக்கணம் என்று அன்றைக்கு முழுக்க முணுமுணுத்தேன்.

எரிமலையைக் கொண்டுவந்தது பேர்ல். சூடான உருளைக்குள் விரிப்பைச் செலுத்துகிற மெஷினில் நின்ற பெரிய உருவம், பெரிய சிரிப்பு. கரீபியன் கடலில் மொன்செராட் என்ற குட்டித் தீவு அவருடைய ஊர். அங்கே இருக்கிற எரிமலை வெடித்து, அவர் பிறந்த பட்டணத்தைக் கூரைவரைக்கும் சாம்பலால் மூடிவிட்டது. மலை இன்னும் அடங்கவில்லை, தீவின் தென்பாதிக்குள் யாரையும் விடுவதில்லை, வட பாதியில் மட்டும் சனம் இருக்கிறது என்று சொல்லி ஒரு படம் காட்டினார். சாம்பல் வெளியில் ஒரு கட்டிடத்தின் மேல்மாடி மட்டும் தரைவீடு மாதிரி நின்றது. தன்னுடைய வீடு அதற்குப் பின்னால், கீழே என்று விரலை வைத்தார்.

அக்கா அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. தேத்தண்ணி நேரம் முடிந்து மணியடித்த பிறகும் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் அவருடைய வீடு வலிகாமம் வடக்கில் ஆமியின் வேலிக்கு உள்ளே இருந்தது. தொண்ணூறிலிருந்து போக முடியாத இடம். அதைப் பற்றி அவர் அழுது நான் கண்டதில்லை. அன்றைக்கு விரிப்போடு கிட்ட வந்தபோது சொன்னார்: "போகேலாத ஊர். ஆனால் பாரும், அதை ஒருத்தனும் அழிக்கேல்லை. கோவிக்க ஆளில்லை." விலகிப் போய்த் திரும்பக் கிட்ட வந்தபோது முடித்தார்: "அப்பிடியொரு ஊரை நாங்கள் ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்."

அன்றிலிருந்து அது எங்கள் பயணம். எனக்கு அப்போது கனடாக் குடியுரிமை இல்லை, பாஸ்போட்டும் இல்லை. சோதனை எழுதப் பயந்து வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா விடவில்லை. கிட்ட வரும்போது "மனிற்றோபாவின்ர தலைநகர்?" என்பார். விலகும்போது நான் யோசிக்க வேண்டும். அடுத்த தடவை பதில். பிழையென்றால் விரிப்பை என் கையிலிருந்து வெடுக்கென்று இழுப்பார். "எங்களுக்குப் பாஸ்போட் இல்லாமல் எப்பிடிப் போறது? படியுமன் கெதியா." சோதனையில் பாஸ்பண்ணிய அன்று ஆலை வாசலில் என்னைக் கட்டிப் பிடித்தார். அந்த நீலப் பாஸ்போட் கைக்கு வந்ததும், இதில் முதல் முத்திரை எரிமலைத் தீவுதான் என்று அவருக்குச் சொன்னேன்.

பேர்ல் தன் ஒன்றுவிட்ட சகோதரியின் விடுதியில் இடம் சொல்லிவிட்டார். அன்ரிகுவாவில் இறங்கி விமானம் மாறவேண்டும் என்றார். மாசி மாதத்தில் இரண்டு கிழமை, பதினாலு நாள் என்று முடிவாயிற்று. நான் லீவுக்கு எழுதிக்கொடுத்தேன். மாரியில், குளிர் மாதங்களில், ஒரு தடவைக்கு மேல் லீவு கிடைக்காது. அது கிடைத்த அடுத்த கிழமை லண்டனிலிருந்து என் தங்கை கோல் எடுத்தாள். அவள் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியச் சடங்கு, அதுவும் அதே மாசியில். எனக்கு இருப்பது ஒரே தங்கை, ஒரே பெறாமகள். சந்தனத்தோடு ஆலத்தி எடுக்கப் பெரியம்மா நான்தான் நிற்க வேண்டும் என்றாள்.

அக்காவிடம் கேட்டேன். "என்ன செய்யிறது அக்கா? எரிமலையை அடுத்த வருசத்துக்குத் தள்ளுவமோ?" அவர் விரிப்பை நிதானமாக மடித்து வண்டியில் வைத்தார். "அது உம்மட விருப்பம். நாங்கள் எண்டால் போறதெண்டு முடிவெடுத்திட்டம். ரிக்கெற் அலுவல் எல்லாம் நாங்கள் பாத்திட்டம்."

இப்போது எழுதும்போது எனக்கே வடிவாக விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் ரிக்கெற் எடுத்திருக்கிறார், இனிக் குழப்பக்கூடாது என்று எடுத்துக்கொண்டேன். தங்கைக்கு வரமுடியாது என்று சொன்னேன். "ஒரு மலையைப் பாக்கப் போறாய், என்ர பிள்ளையைப் பாக்க வரமாட்டாய்" என்று ரெலிபோனை வைத்தாள். அதற்குப் பிறகு அவள் எனக்குக் கோல் எடுக்கவில்லை.

லீவு தொடங்கிய சனிக்கிழமை பெட்டியை அடுக்கினேன். எத்தனை மணிக்கு விமானம், எங்கே சந்திப்பது என்று அக்கா சொல்லவில்லை. "பேந்து சொல்லுவம்" என்று, பிறகு பிறகு என்றுதான் வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளினார். ஞாயிறு மத்தியானம் பொறுக்கமுடியாமல் அவர் வீட்டுக்குக் கோல் எடுத்தேன். கணவர்தான் எடுத்தார்.

"ஆர், நீரோ? எங்கையிருந்து கதைக்கிறீர்? விடியவெல்லோ ரெண்டுபேரும் பிளேன் ஏறினனீங்கள்?"

அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம், யாரோ சட்டி கழுவுகிற சத்தம். அந்த ஒரு நிமிடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அண்ணை, உங்கட மனுசி என்னை விட்டிட்டுப் போயிட்டா, ஆரோடை போனாவோ தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் ஏழு வருடப் பழக்கம் வாயில் வந்தது.

"ஓம் அண்ணை, அன்ரிகுவாவிலை நிக்கிறம். அடுத்த பிளேனுக்கு. வந்து சேர்ந்தம் எண்டு சொல்லத்தான் எடுத்தனான்."

"அவ எங்கை?"

"பாத்ரூமுக்குப் போயிட்டா, அண்ணை."

ரெலிபோனை வைத்துவிட்டு அடுக்கின பெட்டிக்கு மேலேயே இருந்தேன். அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் விசயம் உறைத்தது. நான் அன்ரிகுவாவில் நிற்கிறேன். ஆகவே பார்க்-எக்ஸ்டென்ஷன் தெருவில் என் முகம் தெரியக்கூடாது.

இரண்டு கிழமை அந்த ஒன்றரைக்குள் ஒளிந்திருந்தேன். தமிழ்க் கடைக்குப் போகமுடியாது. கீழே தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கக்கூட, தலையை மூடி மப்ளரைக் கண்வரைக்கும் சுற்றிக்கொண்டு, ஆளில்லாத நேரம் பார்த்துப் போனேன். மாசி மாதம் என்பதால் தப்பினேன், அந்தக் குளிரில் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். யன்னல் சீலையை இழுத்துவிட்டு, பருப்பும் சோறும் தின்றுகொண்டு, அக்கா இப்போது யாரோடு நிற்பார் என்று யோசித்தேன். மச்சாளா? பழைய சிநேகிதியா? இல்லை, வேறு யாரும் ஆம்பிளையா? எத்தனை பேரைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். லண்டனில் சடங்கு நடந்த அன்று பொழுது போகவே இல்லை. என் பெறாமகளுக்குப் பெரியம்மா இடத்தில் யார் நின்று ஆலத்தி எடுத்தார்களோ, இன்றைக்கும் தெரியாது.

லீவு முடிந்து வேலைக்குப் போனால் அக்கா முகம் கறுத்து, கண் தெளிந்து, என்றைக்கும் இல்லாத வடிவாக நின்றார். சென்னைக்காரிதான் முதலில் ஓடிவந்தாள். "வந்துட்டீங்களா! எரிமலை எப்படி இருந்துச்சு?" நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார், கண்ணை எடுக்காமல்.

"நாங்கள் வடிவாப் பாத்தம்" என்றார்.

ஏழு வருடமாக நான் ஆசைப்பட்ட சொல், நிச்சயமாக என்னையும் சேர்த்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதுவும் பொய்யாக. நான் தலையை ஆட்டினேன். புகை வந்ததா என்று கேட்டாள். வந்தது என்று சொன்னேன்.

அன்றைக்கு விரிப்போடு கிட்ட வந்தபோது "ஏனக்கா?" என்று ஒரு சொல்தான் கேட்டேன். அடுத்த தடவை கிட்ட வந்தபோது "பேந்து கதைப்பம்" என்றார். போகும்போது ஒரு ஜாம் போத்தலில் கறுப்பு மணல் தந்தார். எரிமலை மணலாம், எனக்கென்று அள்ளியதாம். என் வீட்டு வெளிப்படியில் ஐஸ் பிடித்து வழுக்கிக்கொண்டிருந்தது. அன்று பின்னேரமே அதைக் கொட்டிப் பரவிவிட்டேன். நாலு படிக்குக்கூடப் போதவில்லை.

மேற்பார்வைக்காரியிடம் கேட்டுத் துவாய்ப் பகுதிக்கு மாறிப் போனேன். துவாய் மடிக்க ஒரு ஆள் போதும். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. லவாலுக்கு மெற்றோ போனதும் அவர்கள் குடும்பத்தோடு அங்கே வீடு வாங்கிப் போனார்கள், அக்கா வேலையையும் விட்டுவிட்டார். பேந்து என்ற அந்த நாள் வரவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாசியில் நானே ரிக்கெற் எடுத்தேன். பேர்லிடம் விடுதி விலாசம் கேட்டேன். ஏற்கனவே போய்வந்தவள் விலாசம் ஏன் கேட்கிறாள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஒரு கடதாசியில் எழுதித் தந்தார். அவருக்கு முதலே தெரிந்திருந்தது.

அன்ரிகுவாவில் இறங்கி, பத்துப் பேர் கூட ஏறமுடியாத ஒரு சின்ன விமானத்தில் தீவுக்குப் போனேன். பாஸ்போட்டில் முதல் முத்திரையைக் குத்தினார்கள். வடக்குப் பக்கம் பச்சைப்பசேல் என்று ஆடும் கோழியுமாக இருந்தது. தெற்கே போகப்போக வீடுகளுக்குக் கதவில்லை, முற்றத்தில் மரம் முளைத்திருந்தது, பிறகு தடைக் கம்பம். ஒரு குன்றில் ஏறிப் பார்த்தேன். மலை இடியப்பப் பானை மாதிரி மூடியைச் சுற்றிப் புகைவிட்டுக்கொண்டிருந்தது. அழுகின முட்டை மணம். கீழே சாம்பல் கடல்வரைக்கும் இறங்கிக் கிடந்தது, அதற்குள்ளே ஒரு பட்டணம். அக்கா சொன்னது சரி. கோவிக்க ஆளில்லாத இடம்தான். எனக்கோ கோபம் நெஞ்சுவரைக்கும் இருந்தது.

விடுதிக்காரம்மா பேர்லின் அதே சிரிப்போடு வரவேற்றார். "மொன்ட்ரியாலிலிருந்து உன்னைப் போல ஒருத்தி முன்பும் வந்தாள்" என்றார். விறாந்தையில் மலையைப் பார்த்தபடி ஒரு கதிரை கிடந்தது. அதைக் காட்டி, "இரண்டு கிழமையும் அதில்தான் இருந்தாள். நான் சாப்பாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பேன்" என்றார்.

"அவவோடை வந்தது ஆர்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இரண்டு வருடமாகக் கேட்கவேண்டியிருந்த கேள்வி.

"ஒருவரும் இல்லை, தனியாகத்தான். எனக்கும் விசித்திரமாக இருந்தது. அறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடுவாள், திறப்பாள், திரும்பப் போடுவாள். பூட்டு பழுதோ என்று கேட்டேன். நல்ல பூட்டு என்றாள்."

நான் அந்தக் கதிரையில் இருந்தேன். அவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அந்த ஆளைத் திட்டியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். என்னைவிட ஒருத்தர் பெரிதாகப் போய்விட்டார் என்று அழுதிருப்பேன். ஒருவரும் இல்லை. நான் இல்லாமல் இருப்பதுதான் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு வசனம் சொல்லியிருக்கலாம், பாவி. தனியப் போகவேணும் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேனே. லண்டனுக்குப் போய் என் பிள்ளைக்கு ஆலத்தி எடுத்திருப்பேனே.

வெளிக்கிடுகிற அன்று விடுதிக்காரம்மா வந்துபோகிறவர்கள் எழுதுகிற கொப்பியைக் கொண்டுவந்தார். "உன் சிநேகிதி எங்களுக்குத் தெரியாத எழுத்தில் எழுதியிருக்கிறாள். என்னவென்று சொல்லு" என்று பக்கத்தைத் திருப்பினார். அந்தத் தீவில் வாசிக்க ஆளே இல்லாத தமிழில், ஒரு கோட்டில் இரண்டே சொல். பெயரில்லை, ஊரில்லை. பேனையை அழுத்தி, கொப்பியின் மறுபக்கம் தடிக்க எழுதியிருந்தார்.

நான் வந்தேன்.

"என்ன எழுதியிருக்கிறாள்?" என்று விடுதிக்காரம்மா கேட்டார். இடம் நல்லம் என்று எழுதியிருக்கு என்றேன். அவர் சந்தோசப்பட்டு, நீயும் எழுது என்று பேனையைத் தந்தார். அதே பக்கத்தில், அவர் எழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. 'நானும்' என்றுதான் கை எழுதப் போனது. 'நா' எழுதிவிட்டு நிறுத்தினேன். வெளியே கார்க்காரன் கோர்ண் அடித்தான். அந்த 'உம்'மை விட்டுவிட்டு, நான் வந்தேன் என்று எழுதிக் கொப்பியை மூடினேன்.